கழிவுநீர்க் காண்ட்ராக்டும் கடைமடை உழவரும்

நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தை விரிவாக்கும் வேலைக்கு யாரை ஒப்பந்தக்காரராக நியமிப்பது என்னும் கேள்வி, தறியையும் கழனியையும் நம்பி வாழும் நமக்கு எட்டாத விஷயம் என்று அங்கத்தினர்களிற் சிலர் எண்ணக்கூடும். அது நகரசபையின் வேலை, பொறியாளர்களின் வேலை, டெண்டர் கமிட்டியின் வேலை என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. நகரத்து நிலையத்தின் மதகு எங்கே திறக்கிறதோ அங்கேதான் கீழ்மடை உழவனின் வாய்க்கால் தொடங்குகிறது. வேலையை எடுத்தவர் சரியாகச் செய்யாவிடில், நட்டம் நகரசபையின் கணக்குப் புத்தகத்தோடு நிற்பதில்லை. அது நாற்றங்காலிலும், சாயத் தொட்டியிலும், குழந்தையின் குடிநீர்ச் செம்பிலும் வந்து சேர்கிறது.

நமது பண்பொழியின் நிலையையே எடுத்துக்கொள்வோம். மேக்கரை மலையில் பிறக்கும் அனுமன் நதி, அடவிநயினார் அணையில் தேங்கி, நம் பக்கத்துக் காருக்கும் பிசானத்துக்கும் நீர் தந்து, வீரகேரளம்புதூரில் சிற்றாற்றோடு கூடுகிறது. குற்றாலத்து அருவிகளாக விழும் சிற்றாறு, தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. தாமிரபரணியோ மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளின் வழியே தூத்துக்குடி மாவட்டத்து நெல் வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் பாய்ந்து, புன்னைக்காயலில் கடலை அடைகிறது. மலையடிவாரத்தில் இருப்பதால் நாம் முதலில் குடிக்கிறோம். நாம் விடுவதைப் பிறர் குடிக்கின்றனர். மேல்மடைக்காரனுக்கு உரிமை மட்டுமன்றிப் பொறுப்பும் உண்டு என்பதை வாய்க்கால் பங்கீட்டில் வளர்ந்த நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பது குறித்த வழக்கில், 2024-ஆம் ஆண்டு நவம்பரில், சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் திருநெல்வேலிக்கு நேரில் வந்து இடங்களைப் பார்வையிட்டனர். நீதிபதிகள் நீதிமன்றத்தை விட்டு ஆற்றங்கரைக்கு வரவேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருக்கிறது என்பதே இதன் பொருள். இது திருநெல்வேலிக்கு மட்டும் உரிய குறையும் அன்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் ஏறத்தாழ 7,236 கோடி லிட்டர். அதைச் சுத்திகரிக்க நிறுவப்பட்ட நிலையங்களின் கொள்ளளவு 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டதோ 2,023 கோடி லிட்டர் மட்டுமே. நிலையம் இல்லாமை ஒரு குறை. கட்டிய நிலையம் முழுதும் ஓடாமை மற்றொரு குறை. முதற்குறையைப் பணம் தீர்க்கும். இரண்டாவது குறை, ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுத்த முறையிலும் அவரைக் கண்காணித்த முறையிலும் வேர் கொண்டது என்பதே நமது கருத்து.

திருப்பூர் கற்பித்த பாடம்

நெசவாளருக்கும் உழவருக்கும் பொதுவான பத்திரிகை இது. ஆதலின் இவ்விரு சாராரையும் ஒருங்கே வருத்திய நிகழ்ச்சி ஒன்றை முதலில் நினைவுகூர்தல் தகும். நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர்ப் பகுதி நிலங்களுக்குப் பாசனம் அளிப்பது அதன் நோக்கம். ஆனால் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் கழிவு அணையில் தேங்கவே, அணைத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று உழவர்களே வேண்டிக்கொள்ளும் விபரீதம் நேர்ந்தது. தண்ணீர் வேண்டாம் என்று உழவன் சொல்லும்படி ஆனதை என்னென்பது!

அங்கே சுத்திகரிப்பு நிலையங்களே இல்லாமல் இல்லை. பட்டறைக்காரர்கள் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுவியிருந்தார்கள். ஆனால் தொடக்கத்தில் நிறுவிய நிலையங்கள் சாயத்தின் நிறத்தையும் மிதக்கும் அழுக்கையும் நீக்கும் முறையில் அமைந்திருந்தனவேயன்றி, நீரில் கரைந்த உப்பை நீக்கும் வகையில் அமையவில்லை. பயிரைக் கொன்றதும் கிணற்றைக் கெடுத்ததும் அந்த உப்பே. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற கட்டளையைப் பிறப்பித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அக்கொள்கையை உறுதி செய்தது. அதன்படி நடவாமையால், 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயம் நின்றதும் பின்னலாடைத் தொழிலே தடுமாறிற்று; கூலிக்காரர்கள் வேலையின்றி ஊர் திரும்பினர். பின்னர் உப்பைப் பிரித்தெடுத்து நீரை மீண்டும் பயன்படுத்தும் நிலையங்களை அமைத்தே தொழில் மீண்டது.

இதிலிருந்து பெறப்படும் பாடம் யாது? ஒப்பந்தக்காரர் எவ்வளவு நேர்மையானவராயினும், கேட்டதைத்தான் கட்டித் தருவார். நிறத்தை நீக்கு என்று கேட்டால் நிறத்தை நீக்குவார். உப்பைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வரி இல்லையேல் உப்பு ஆற்றுக்கே போகும். ஆகவே, யாரைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பதற்கு முன், அவரிடம் எதைக் கேட்கிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்கும்போது கீழ்மடையில் உள்ளவனைக் கேட்டிருக்க வேண்டும். நொய்யலில் அவனைக் கேட்டவர் எவரும் இல்லை. கடைசியில் நீதிமன்றமே கேட்டது.

கேட்பதை அளந்து கேட்டல்

கழிவுநீரின் அழுக்கை அளக்கப் பல அளவுகள் உண்டு. அவற்றுள் முதன்மையானது, நீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்ஸிஜன் தேவைப்படுகிறது என்ற கணக்கு. இவ்வளவு மிகுந்தால் மீனுக்கு மூச்சு முட்டும், ஆறு நாறும். சுத்தம் செய்யாத நகரக் கழிவுநீரில் இது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை, சுத்திகரித்து வெளிவிடும் நீரில் இது பெருநகரங்களில் 20-க்கும், ஏனைய ஊர்களில் 30-க்கும் மிகலாகாது என்றது. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமோ 10 என்னும் கடுமையான அளவை அனுசரிக்கச் சொல்லிற்று. 30-க்குக் கட்டும் நிலையமும் 10-க்குக் கட்டும் நிலையமும் ஒன்றல்ல. நாற்பதாம் நம்பர் நூலுக்கும் நூறாம் நம்பர் நூலுக்கும் ஒரே விலை கேட்பவன் உண்டா? அளவைத் தெளிவாகச் சொல்லாமல் விலைப்புள்ளி கோரினால், ஒருவர் பத்துக்கும் மற்றவர் முப்பதுக்கும் விலை போடுவர். குறைந்த விலை வென்றது என்று அறிவிப்பு வரும். வென்றது அழுக்கே என்பது பின்னர்த்தான் தெரியும்.

விரிவாக்க வேலைக்கு மேலும் ஒரு சங்கடம் உண்டு. புதிய நிலையத்தை வெற்றிடத்தில் கட்டுவது எளிது. பழைய நிலையத்தை விரிவாக்குவதோ, நெய்துகொண்டிருக்கும் தறியை நிறுத்தாமல் பண்ணையையும் விழுதையும் மாற்றுவது போன்றது. நகரத்துச் சாக்கடை ஒரு நாளும் விடுமுறை எடுப்பதில்லை. பழைய தொட்டியை இடித்துப் புதியதைக் கட்டும் மாதங்களில் கழிவுநீர் எங்கே போகும் என்பதை ஒப்பந்தக்காரர் முன்னதாகவே எழுதிக் காட்ட வேண்டும். காட்டாதவரின் விடை ஒன்றே ஒன்றுதான்: ஆற்றில் போகும்.

குறைந்த விலை எது?

நம் மாநிலத்தில் அரசு டெண்டர்கள், 1998-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் ஒளிவுமறைவின்மைச் சட்டத்துக்கும், 2000-ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. 2 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வேலைகளுக்கு விலைப்புள்ளி அளிக்கக் குறைந்தது 30 நாள் அவகாசம் தரவேண்டும் என்பது விதி. பெரிய வேலைகளுக்கு இரு உறை முறை கையாளப்படுகிறது. முதல் உறையில் அனுபவமும் தகுதியும் இருக்கும். அதில் தேறியவரின் இரண்டாம் உறையை மட்டும் பிரித்து விலையைப் பார்ப்பர். முறை நல்ல முறையே. ஆனால் எந்த விலையைப் பார்ப்பது என்பதில் கவனம் வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 100 கோடி ரூபாயில் நிலையத்தைக் கட்டித் தருவதாகவும், அதை நடத்த ஆண்டுக்கு 8 கோடி செலவாகும் என்றும் கூறுகிறார். மற்றொருவர் கட்ட 115 கோடியும், நடத்த ஆண்டுக்கு 6 கோடியும் கேட்கிறார். கட்டுமானத் தொகையை மட்டும் பார்த்தால் முதல்வரே மலிவு. 15 ஆண்டுக் கணக்குப் பார்த்தால், முதல்வருக்கு 220 கோடி. இரண்டாமவருக்கு 205 கோடி. வட்டியைச் சேர்த்துக் கணக்கிட்டால் இந்த வித்தியாசம் சுருங்கும் என்பது மெய்யே. எனினும், கணக்கையே போடாமல் முதல் தொகையைப் பார்த்து முடிவு செய்வது குடும்பம் நடத்துகிறவர் செய்யும் காரியம் அன்று. மோட்டார் வாங்கும்போது கடை விலையை மட்டும் பார்த்துவிட்டு, பிறகு ஆண்டுதோறும் மோட்டாருக்குச் சுருள் கட்டிக்கொண்டே இருந்த தோட்டக்காரர்கள் நம்மில் இல்லையா?

கழிவுநீர் நிலையத்தில் இக்கணக்கு மிக முக்கியமானது. தொட்டிகளில் இடைவிடாது காற்றூட்டினால்தான் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் பிழைக்கும். நிலையத்தின் மின்செலவில் பெரும்பகுதி அதற்கே போகிறது. மலிவான காற்றூட்டிகளைப் பொருத்தியவர் கட்டுமானத்தில் மிச்சம் பிடிப்பார். நகரசபை மின்கட்டணத்தில் அதை இருமடங்காகக் கட்டும். சிறிது காலம் சென்றதும், பணமில்லை என்று இரவு வேளையில் காற்றூட்டியை நிறுத்துவர். நிலையம் இருக்கும், சுத்திகரிப்பு இராது. மேலே சொன்ன 3,184 கோடிக்கும் 2,023 கோடிக்கும் இடையே உள்ள பள்ளத்தில் இத்தகைய நிலையங்களும் அடங்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

எதிர்வாதமும் நம் விடையும்

இவ்விடத்தில் நேர்மையான எதிர்வாதம் ஒன்றை மறைத்தல் ஆகாது. மிகக் குறைந்த விலைக்கே வேலை என்ற விதி ஏன் வந்தது? தகுதி, தரம், அனுபவம் என்னும் பெயர்களால் வேண்டியவருக்கு வேலையைக் கொடுத்த பழைய வழக்கத்தை ஒழிக்கவே அது வந்தது. விலை என்பது எண். எண்ணில் பாரபட்சம் காட்டுவது கடினம். தரத்துக்கு மதிப்பெண் தரலாம் என்றால், மதிப்பெண் இடும் கை எங்கே சாயும் என்று யார் உறுதி கூறுவர்? இக்கேள்வியை நாம் மதிக்கிறோம். நமது சங்கங்களிலேயே, நூல் கொள்முதலில் ‘தரம்’ என்ற சொல்லின் நிழலில் நடக்கக்கூடிய காரியங்களை அறியாதவர்கள் அல்லோம்.

ஆயினும் தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது முதுமொழி. மலிவு நூலால் நெய்த சேலை சந்தையில் திரும்பி வரும்போது, வாங்கிய கமிட்டி ‘விதிப்படியே வாங்கினோம்’ என்று சொல்வதால் நெசவாளிக்கு ஆறுதல் இல்லை. ஆகவே, விலையையும் விடாமல் தரத்தையும் விடாமல் இருக்கும் வழியே வேண்டும். மத்திய நிதியமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட கொள்முதல் அறிவுரைகள், தரம் முக்கியமான வேலைகளில் தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மதிப்பிடலாம் என்றும், ஆனால் தரத்துக்குரிய பங்கு 30 சதவிகிதத்தை மிகலாகாது என்றும் வரம்பு கட்டின. வரம்பு இட்டது சரியே. அதனினும் எளிய வழி ஒன்றும் உண்டு. தகுதியை மதிப்பெண்ணாக வைக்காமல் தேறினார், தேறவில்லை என்ற இரண்டே முடிவாக வைத்துவிட்டு, தேறியவர்களிடையே கட்டும் செலவு, நடத்தும் செலவு இரண்டையும் கூட்டிய மொத்தத் தொகையில் குறைந்தவருக்கு வேலையைத் தரலாம். எண்ணின் பாதுகாப்பும் கிடைக்கும். ஏமாற்று மலிவும் ஒழியும்.

தகுதி விதிகளை எழுதுவதிலும் விழிப்பு வேண்டும். மிக இளக்கினால் சாலை போட்டவரும் கட்டடம் கட்டியவரும் கழிவுநீர் வேலைக்கு வருவர். மிக இறுக்கினால் ஒரே ஒருவர்க்குத் தைத்த சட்டையாகிவிடும், போட்டி இராது. இத்தனை கொள்ளளவுள்ள நிலையத்தைக் கட்டி, குறைந்தது இத்தனை ஆண்டு நடத்தி, குறித்த அளவில் நீரை வெளிவிட்டதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனை முடிவுகளைக் காட்டுக என்று கேட்பது நியாயமான விதி. கட்டிய சான்றிதழ் எல்லாரிடமும் உண்டு. நடத்திய சான்றிதழ் உள்ளவரே நமக்கு வேண்டியவர்.

கட்டுவதினும் நடத்துவது பெரிது

நிலையத்தை நடத்துவதில் உயிர்களும் அடங்கியுள்ளன. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில், தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இரவில் உடைந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். 2023 ஜூலையில் உத்தராகண்டத்தின் சமோலியில், அலக்நந்தா நதிக்கரையிலிருந்த கழிவுநீர் நிலையத்தில் மின்சாரம் பாய்ந்து 16 பேர் உயிரிழந்தனர். இவை தேர்வு மேசையில் எவரும் கணக்கிடாத செலவுகள். சாக்கடைக்குள் மனிதரை இறக்கும் கொடுமையை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. அவ்வாறு இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இழப்பீட்டுத் தொகை உயர்ந்தது நன்றே; இழப்பே நேராதிருக்க வழி செய்வது அதனினும் நன்று. பாதுகாப்புக் கருவிகளுக்கும் பயிற்சிக்கும் ஆகும் தொகை விலைப்புள்ளியில் தனி இனமாகக் காட்டப்பட வேண்டும். அதை வெட்டி விலையைக் குறைத்தவருக்குப் பரிசாக வேலை கிடைத்தல் கூடாது.

கட்டி முடித்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரர் போய்விடும் முறையினும், கட்டியவரே பல ஆண்டு நடத்தித் தரும் முறை மேலானது என்பது நம் கருத்து. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்கள் 2019-இல் இயங்கத் தொடங்கின. கோயம்பேட்டில் நிலையத்தை அமைத்தவரே அதை நடத்தும் பொறுப்பையும் ஏற்றார். தானே நடத்த வேண்டும் என்று தெரிந்தவன் கலப்படச் சிமெண்டைப் போடத் தயங்குவான். தானே உண்ண வேண்டிய சோற்றில் எவனும் கல்லைப் போடான். ஆனால் இதற்கும் ஒரு காவல் வேண்டும். மாதத் தொகையை முழுவதும் நிலையானதாகத் தராமல், வெளிவரும் நீரின் தரத்தைப் பார்த்துத் தர வேண்டும். குறித்த அளவு தவறிய நாட்களுக்குத் தொகை குறைய வேண்டும். நீரைச் சோதிப்பவர் ஒப்பந்தக்காரரின் சம்பளத்தில் இருத்தல் ஆகாது. பாலை அளக்கும் படியைப் பால்காரரே கொண்டு வந்தால் அளவு எப்படி இருக்கும்?

தாமதமும் ஒரு தவறே

நிதானம் என்ற பெயரால் காலத்தைக் கடத்துவதையும் நாம் ஆதரிக்கவில்லை. பம்பாய் மாநகரத்தின் அனுபவம் இதற்குச் சான்று. அங்கே பெரிய கழிவுநீர் நிலையங்களைப் புதுப்பிக்கும் டெண்டர்கள் பலமுறை கோரப்பட்டு, வழக்குகளாலும் ஆட்சேபங்களாலும் இரத்தாகி, மீண்டும் கோரப்பட்டன. இறுதியில் ஏழு நிலையங்களுக்கு 2023 ஜனவரியில்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. அவற்றின் கூட்டுக் கொள்ளளவு நாளொன்றுக்குச் சுமார் 246 கோடி லிட்டர். மதிப்பீடு சுமார் 17,200 கோடி ரூபாய். காத்திருந்த ஆண்டுகளில் கடல் காத்திருக்கவில்லை; அது அழுக்கைப் பெற்றுக்கொண்டே இருந்தது. விதிகளை முதலிலேயே தெளிவாக எழுதினால் வழக்குக்கு இடம் குறையும். தெளிவின்மையே தாமதத்தின் தாய்.

நமது ஊரும் நமது கடமையும்

இனி நம் வீட்டைப் பார்ப்போம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை, புளியங்குடி, சங்கரன்கோவில் ஆகிய ஊர்கள் வளர்ந்து வருகின்றன. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அருவியில் எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதிக்க வேண்டி வந்ததே அதற்குச் சாட்சி. நம் போன்ற பேரூராட்சிகளில் வீட்டுக்கு வீடு கழிவுத் தொட்டியே. அது நிரம்பினால் லாரி வந்து உறிஞ்சிச் செல்கிறது. அந்த லாரி எங்கே கொட்டுகிறது என்று நாம் கேட்பதுண்டா? இத்தகைய தொட்டிக் கசடைச் சுத்திகரிக்க 2017-இல் கருங்குழிப் பேரூராட்சியில் தனி நிலையம் அமைக்கப்பட்டது. மாநிலத்தில் அதுவே முன்னோடி. பெருநகரத்துக்கு மட்டுமன்றிச் சிற்றூருக்கும் வழி உண்டு என்பதை அது காட்டிற்று. நாளை நம் பக்கத்திலும் அத்தகைய நிலையம் அமைக்கவோ விரிவாக்கவோ டெண்டர் வரும். அன்று நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

பிறரைக் குறை கூறுமுன் நம் கையையும் பார்த்துக்கொள்வோம். நூலுக்குச் சாயமிட்ட நீரைத் தெருச் சாக்கடையில் விடும் வீடுகள் நெசவூர்களில் இல்லை என்று நாம் சத்தியம் செய்ய முடியாது. சாயமும் இரசாயனமும் வீட்டுக் கழிவுநீரோடு கலந்தால், நுண்ணுயிரை நம்பி நடக்கும் நிலையம் கெடும்; அதிலிருந்து கிடைக்கும் சேறும் வயலுக்கு உரமாகப் பயன்படாது. நெசவாளியின் கவனக்குறைவு உழவனின் நிலத்தில் நஞ்சாகும். ஒரே சங்கத்தின் இரு கைகள் ஒன்றையொன்று காயப்படுத்தலாமா? சாயக் கழிவைத் தனியே சேர்த்துச் சுத்திகரிக்கச் சங்கங்கள் கூடி ஏற்பாடு செய்தல் வேண்டும். அதைச் செய்த பிறகே நகரசபையைக் கேள்வி கேட்கும் தகுதி நமக்கு முழுதாக உண்டாகும்.

நாம் வேண்டுவன

ஆற்றோரத்து எந்த நகரம் தன் கழிவுநீர் நிலையத்தைக் கட்டினாலும் விரிவாக்கினாலும் நாம் வேண்டுவன இவையே. முதலாவதாக, டெண்டர் பத்திரத்தை இறுதி செய்யுமுன், வெளிவரும் நீரின் தரம் என்ன, அது எந்த வாய்க்காலில் சேரும், வேலை நடக்கும் காலத்தில் கழிவுநீர் எங்கே போகும் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதி வெளியிட்டு, கீழ்மடைப் பாசன விவசாயிகளின் கருத்தைக் கேட்க வேண்டும். இரண்டாவதாக, கட்டும் செலவோடு 15 ஆண்டு நடத்தும் செலவையும் கூட்டியே விலைகளை ஒப்பிட வேண்டும். மூன்றாவதாக, மதிப்பீட்டினும் மிகத் தாழ்ந்த விலை கூறுபவர் அது எவ்வாறு கட்டுபடியாகும் என்று விளக்கவும், கூடுதல் பிணைத் தொகை கட்டவும் வேண்டும். நான்காவதாக, நீரின் சோதனை முடிவுகள் மாதந்தோறும் நகரசபை வாசலிலும், கீழ்மடை ஊர்களின் பொது இடங்களிலும் ஒட்டப்பட வேண்டும். ஐந்தாவதாக, சுத்திகரித்த நீரைத் தொழிற்சாலைகளுக்கு விற்பதானால், ஆற்றின் பாசனப் பங்கு குறையாதவாறு அளவை முன்னரே நிர்ணயிக்க வேண்டும்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று சிலர் நகைக்கலாம். குறைந்த செலவும் வேண்டும், தெளிந்த நீரும் வேண்டும் என்கிறீர்களே என்பர். நாம் குறைந்த செலவைக் கேட்கவில்லை. சரியான கணக்கைக் கேட்கிறோம். அக்கணக்கில் கடைமடை உழவனின் இழப்பும் ஒரு வரியாக இடம்பெற வேண்டும் என்கிறோம். அவ்வளவே.

இதற்கு வழியும் இல்லாமல் இல்லை. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒப்பந்தப் பத்திரத்தையும் சோதனை முடிவுகளையும் எந்தக் குடிமகனும் கேட்டுப் பெறலாம். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி நகர்ப்புற வார்டுக் கமிட்டிகளுக்கும் பகுதி சபைகளுக்கும் இடம் உண்டு. அங்கே எழுந்து பேசலாம். தனி ஒருவர் எழுதும் மனு மேசை அறையில் உறங்கும். சங்கத்தின் தீர்மானத்துக்கோ விடை சொல்லியாக வேண்டும்.

1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் வந்த காலத்தில், திரூரிலும் காஞ்சிபுரத்திலும் சங்கங்கள் எழுந்தது கடன்காரரின் பிடியிலிருந்து எளியவரை மீட்கவே. அன்று தனியாளால் வட்டிக்கணக்கைப் படிக்க முடியவில்லை, சங்கம் படித்தது. இன்று தனியாளால் டெண்டர் பத்திரத்தைப் படிக்க முடியாது. சங்கம்தான் படித்தாக வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வொரு சங்கமும் கணக்கறிந்த ஒருவர், பாசனம் அறிந்த ஒருவர், சாயத்தொழில் அறிந்த ஒருவர் ஆகிய மூவரைக் கொண்ட ஒரு நீர்க் கமிட்டியை அமைக்குமாறு வேண்டுகிறோம். செலவு அதிகம் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் மாதம் ஒரு மாலை நேரமும் போதும். ஆற்று நீரில் நமக்கு உள்ள பங்கு போலவே, அதைக் காக்கும் காரியத்திலும் நமக்குப் பங்கு உண்டு. அப்பங்கைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. பெற்ற பின் ஒழுங்காக ஆற்றுவது நம் கடமை.